அரை கிளாஸ் யாருக்கு?

2011 நவம்பர் 17, வியாழக்கிழமை, காலை பதினொன்றே கால். லண்டன், ஃபுல்ஹாம். ‘மூன்று நாரைகள்’ பப்பில் அப்போது ஒரே ஒரு வாடிக்கையாளர்தான் இருந்தார்; பாருக்குப் பின்னால் முதலாளியம்மா.

— ...அதுவும் ராத்திரி பூரா பைப்புல நின்ன பீர் இல்ல, சிரில். அத மொதல்ல இழுத்து வாளில கொட்டிடறான். அப்புறம் புதுசா, நுரை தளும்ப, அரை கிளாஸ். சாதா கிளாஸ்லயும் இல்ல. மேல் தட்டுல கைப்பிடி வச்ச பழைய கிளாஸ் ஒண்ணு இருக்குமே, அதுல. கேட்டியா?

— கேட்டேன் கண்ணு.

— ஊத்திட்டு, ஒரு கையால மேல மூடிக்கிட்டு, பொறந்த கொழந்தைய தூக்கிட்டுப் போற மாதிரி கிச்சனுக்குள்ள போறான். கதவ சாத்திக்கறான். சாத்திக்கறான், சிரில்! அஞ்சு நிமிஷம். சில நாள் பத்து. வெளிய வர்றப்ப கையில கிளாஸ் இல்ல.

— உன் புருஷன் லென்னுக்கு அறுபத்தாறு வயசு, கிளெண்டா. அந்த வயசுல அஞ்சு நிமிஷத்துல பெருசா என்ன நடந்துடப் போவுது?

— யோவ் பெருசு, வாய மூடு.

— நீ கேட்ட. நான் சொன்னேன்.

— மூணு வாரமா பாக்கறேன். அன்னிக்கு பாய்லர் ரிப்பேருக்கு ஆள் வர்றான்னு சீக்கிரம் எறங்கி வந்தேன். இல்லன்னா எனக்கு தெரிஞ்சே இருக்காது. நான் தலைய சரி பண்ணி, உதட்டுக்கு சாயம் பூசி, மாடிலேந்து எறங்க பதினொண்ணரை ஆயிடும்னு அவனுக்கு தெரியும்ல? பத்து அம்பதுக்கெல்லாம் காரியத்த முடிச்சிடறான். இன்னிக்கும் படிக்கட்டுல நின்னு பாத்தேன். ஊத்துனான், போனான், வந்தான், கோட்டு மாட்டிக்கிட்டு கெளம்பிட்டான்.

— எங்க போனான்?

— பீர் கம்பெனில மீட்டிங்காம். பன்னெண்டு மணிக்கு வந்துடுவேன்னான். வரட்டும். வர்றதுக்குள்ள நான் முடிச்சிடறேன்.

— எத முடிக்கப் போற?

— அவளத்தான். கிச்சன்ல சமைக்கற அந்த தாய்லாந்துக்காரி சோம்ஸ்ரீய.

— கண்ணு, எனக்கு இன்னொரு கிளாஸ் போடு. இதெல்லாம் ஒரு கிளாஸோட கேக்கற விஷயமா தெரியல.

— இந்தா. நேத்து ஒருத்தன் போன் பண்றான். ‘சோம்ஸ்ரீயோட பப்புதானே?’ங்கறான். இல்லப்பா, ‘மூன்று நாரைகள்’னேன். ‘ஓ, தப்பான நம்பர்’னு வச்சிட்டான், சிரில்! வாசல் பலகைல நூத்தம்பது வருஷமா மூணு நாரை நிக்குது. அவன் கண்ணுக்கு ஒண்ணும் படல. அவ துளசி போட்டு வதக்கற கோழிதான் படுது.

— அது நல்லாத்தான் இருக்கு.

— ஏழு வருஷத்துக்கு முன்னாடி, ‘இந்த மீன் நாத்தத்துல எவன் உக்காந்து குடிப்பான்’னு இதே ஸ்டூல்லேந்து கத்துனது யாரு?

— நான்தான். தெரியாம கத்திட்டேன். இப்ப வியாழக்கிழமையானா அவ பச்சைக் குழம்புல சிப்ஸ தொட்டுத் தின்னணும். இல்லன்னா எனக்கு அந்த வாரமே முடிஞ்ச மாதிரி தெரியல.

— மாவுக்குள்ள இறைச்சி வச்சு நான் சுட்ட ‘பை’ தின்னீங்களே, அது மறந்துடுச்சு.

— மறக்கல கண்ணு. பல்லுக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

— சிரி, சிரி. போன வாரம் டார்ட்ஸ் மேட்ச். புட்னி டீம் வந்தானுங்க. வந்த டீமுக்கு வயித்துக்குப் போடறது நம்ம பப்போட மரியாதை. நான் இங்க வந்ததுலேந்து என் கையால போட்ட ஹாம் சாண்ட்விச்சுதான். முக்கோணமா வெட்டி, ஓரம் எடுத்து, வெங்காய ஊறுகா வச்சு. இவ பக்கத்துல குச்சில குத்துன கோழிய ஒரு தட்டு வச்சா. அவ்வளவுதான். அவ தட்டுல குச்சி மட்டும் மிச்சம். என் தட்டு எப்படி திரும்பி வந்துச்சு?

— நான் ஒண்ணு எடுத்தேனே.

— எடுத்து பாதிய நாய்க்குப் போட்ட. நாய் மோந்து பாத்துட்டு போயிடுச்சு. நான் பாத்துட்டுதான் இருந்தேன்.

— நாய்க்கு அன்னிக்கு உடம்பு சரியில்ல.

— கிச்சன் போச்சு, சரின்னேன். என் ஆளுங்க போனானுங்க, சரின்னேன். எல்லாத்தையும் எடுத்துக்கிட்டா. நான் ஒரு வார்த்தை பேசினேனா? வியாபாரம் நடக்குதேன்னு பல்ல கடிச்சிட்டு இருந்தேன். புருஷன எடுத்துக்கிட்டா எப்படி விட முடியும்? ராத்திரி என்கூட உக்காந்து டிவி பாக்கறப்ப ‘ம்’ம்பான். கேள்விக்கும் ‘ம்’, பதிலுக்கும் ‘ம்’. அங்க மட்டும் கதவ சாத்திக்கிட்டு பேசறான். கதவுல காத வச்சேன். பேச்சு சத்தம் வருது. அவன் மட்டும்தான் பேசறான். அவ கேட்டுக்கிட்டு இருக்கா போல.

— என்ன பேசறான்?

— கத்தி டக்கு டக்குனு ஓடுது, ஒண்ணும் புரியல. இத பாரு.

— என்ன காகிதம்?

— அவ நம்ம கிச்சன வாடகைக்கு எடுத்துக்கற ஒப்பந்தம். வருஷத்துக்கு ஒரு தடவ நானும் லென்னும் சேந்து கையெழுத்து போடணும். அவன் போட்டுட்டான். என் இடம் காலி. இன்னிக்கு தபால்ல போகணும். போகாது. நான் போடலைன்னா டிசம்பரோட அவ வாணலிய தூக்கிட்டு கெளம்ப வேண்டியதுதான்.

— கிளெண்டா, ஒரு தடவ உள்ள போய் பாத்துட்டு வந்துடேன்.

— நானா? அந்த வாசப்படிய மிதிச்சு ஏழு வருஷம் ஆச்சு. என் அடுப்ப கழட்டி தெருவுல வச்ச அன்னிக்கே சொன்னேன், இனி இதுக்குள்ள கால் வெக்க மாட்டேன்னு. வெக்கல.

— அங்கதான் தப்பு பண்ணிட்ட.

— என்ன தப்பு?

— நான் ஒண்ணும் சொல்லல.

— உனக்கு ஏதோ தெரியும்.

— எனக்கு தாகமா இருக்குன்னு தெரியும்.

— இரு, அவளையே கேக்கறேன். சோம்ஸ்ரீ! ஏய் சோம்ஸ்ரீ! அந்த ஜன்னல தெற!

— வணக்கம் அக்கா. சிரில் தாத்தா, உங்க குழம்பு பன்னெண்டு மணிக்கு ரெடி.

— குழம்பு இருக்கட்டும். இங்க என் மூஞ்சிய பாத்து பதில் சொல்லு. என் புருஷன் தினம் காலைல உனக்கு பீர் ஊத்திக் கொண்டாந்து தர்றானா இல்லையா?

— எனக்கா? நான் குடிக்க மாட்டேனே அக்கா. ஒரு மடக்கு குடிச்சா கழுத்து வரைக்கும் செவந்துடும்.

— பொய் சொல்லாத. இன்னிக்கு கொண்டுவந்தான், நான் பாத்தேன். கிளாஸ் எங்க?

— இங்கதான் இருக்கு.

— காலியா?

— இல்ல அக்கா. அப்படியே இருக்கு. நுரைதான் கொஞ்சம் அடங்கிடுச்சு.

— நீயும் குடிக்கல, அவனும் குடிக்கல. பின்ன அது யாருக்கு?

— உள்ள வாங்க அக்கா.

— வர மாட்டேன். அங்கேயே நின்னு சொல்லு.

— ஜன்னல் வழியா அந்தப் பேர சொல்ல முடியாது. லென் அண்ணன்கிட்ட வாக்கு குடுத்திருக்கேன். உள்ள வந்து நீங்களே பாத்தீங்கன்னா, நான் சொன்னதா ஆகாது.

— அப்ப இன்னொருத்தி இருக்காளா!

— பரவால்ல அக்கா, கோவப்படாம...

— உன் பரவால்லைய எடுத்துட்டு போய் அடுப்புல போடு! எதுக்கெடுத்தாலும் பரவால்ல. சிரில், பார பாத்துக்க. எவனாவது வந்தா நான் செத்துட்டேன்னு சொல்லு.

— சரி கண்ணு. பம்புல கை வெக்கலாமா?

— கைய ஒடச்சிடுவேன். ...தள்ளு, கதவ விடு. என்னது இது, என்ன வாசனை?

— எலுமிச்சைப் புல்லு. பாத்து அக்கா, தரை ஈரம். இப்பதான் கழுவினேன்.

— என் காலத்துல இந்த எடத்துல எண்ணெ பிசுக்கு கத்திய வச்சு சொரண்டுனாதான் போகும். ம். சரி. கிளாஸ காட்டு.

— அங்க. பெரிய ஃப்ரிட்ஜுக்கு மேல, செவப்பு பலகைல.

— அது உங்க சாமி வீடு. அது தெரியும், லென்தான் ஆணி அடிச்சான். எலக்ட்ரிக் ஊதுபத்தியா அது?

— நெசமானத ஏத்துனா மேல அலாரம் அடிக்கும் அக்கா. ஒரு தடவ தீயணைப்பு வண்டியே வந்துடுச்சு.

— பூ மாலை, செவப்பு சோடா, ஆரஞ்சுப் பழம்... பீர். பீருக்குப் பின்னாடி என்ன போட்டோ? கண்ணாடி இல்லாம தெரியல. எடு அத.

— நான் தொடக் கூடாது அக்கா, கையில மீன் சாஸ். நீங்க எடுங்க.

— இது... இது ஐரிஸ்.

— ஆமா அக்கா.

— இது பார்ல மாட்டியிருந்த போட்டோ. நான் கல்யாணம் ஆகி இங்க வந்தப்ப கழட்டச் சொன்னேன். செத்துப்போன பொண்டாட்டி தலைக்கு மேல சிரிச்சுக்கிட்டு இருந்தா நான் எப்படிடா கீழ நின்னு வேலை பார்ப்பேன்னேன். அவ தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிட்டேன்னான்!

— இங்கதான் இருந்துச்சு. பரண் மேல, யாரும் தொடாத பழைய டப்பாவுக்குப் பின்னாடி, துணில சுத்தி. நான் வந்த மொத மாசம், அக்கா, ஃப்ரிட்ஜு நின்னுது, எண்ணெ தீப்பிடிச்சுது, என் கால்ல கொதிக்கற சூப் கொட்டுச்சு. எங்க ஊர்ல ஒருத்தர் அடுப்படிக்குள்ள நொழைஞ்சா அவங்ககிட்ட சொல்லிட்டுதான் நொழையணும். செத்தவங்களா இருந்தாலும் சொல்லணும். இது மொதல்ல யாரோட அடுப்புன்னு அண்ணன கேட்டேன். அவர் டப்பாவ நகத்தி இத எடுத்துக் குடுத்தார். நான் தண்ணியும் பழமும் வச்சேன். ‘அவ தண்ணி குடிக்க மாட்டா’ன்னு சொல்லிட்டு வெளிய போய் பீர் ஊத்திட்டு வந்தார்.

— ஏழு வருஷமா.

— ஆமா அக்கா. கிறிஸ்துமஸ்க்கு மட்டும் முழு கிளாஸ்.

— சிரில்! யோவ் சிரில்! உனக்கு தெரியுமா இது?

— பாருக்கு ஆள் வந்திருக்கு கண்ணு! அவங்கள கவனிக்கிறேன்!

— எவனும் வரல, எனக்கு தெரியும்! எல்லாரும் சேந்து... சரி. என்ன பேசறான் இவகிட்ட?

— அது அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல...

— நீ பக்கத்துல நின்னு வெங்காயம் நறுக்கற. கண்ணுல தண்ணி வந்தாலும் காது கேக்கும். சொல்லு.

— எல்லாம்தான் சொல்வார். டார்ட்ஸ்ல யாரு ஜெயிச்சா, எந்தத் தெருவுல யாரு செத்தா, கூரை எங்க ஒழுகுது. உங்களப் பத்திதான் நெறைய. உங்க முழங்கால் ஆபரேஷன் அன்னிக்கு இங்கயே நின்னுட்டார், கடைய தொறக்கவே இல்ல. இப்ப மூணு வாரமா ஒரே பேச்சு. ‘கிளெண்டா என்மேல கோவமா இருக்கா ஐரிஸ், ஏன்னு புரியல.’

— என் கோவத்த பத்தி அவகிட்ட கேக்கறானா? எதிர்ல குத்துக்கல்லாட்டம் நான் உக்காந்திருக்கேன், என்னைக் கேக்கத் தெரியல?

— நீங்க கத்துவீங்க அக்கா. அவங்க கத்த மாட்டாங்க.

— நல்லா பேசற. அப்புறம் இந்த பீர என்ன பண்ணுவ? சாக்கடைல கொட்டுவியா?

— சாமிக்கு வச்சத கொட்டக் கூடாது அக்கா. மத்தியானம் எறக்கிடுவோம். வீட்டு ஆளுங்கதான் சாப்பிடணும். பழம் நான் எடுத்துப்பேன். பீர அண்ணன் எடுத்துட்டுப் போய்... உங்களுக்குத்தான்...

— எனக்கா? இரு. மத்தியான சாப்பாட்டோட ஒரு அரை கிளாஸ் கொண்டுவந்து வைப்பானே. நுரையே இல்லாம, வெதவெதன்னு. பேரல் அடில நின்னதுன்னு நெனச்சேன். எனக்கு செலவு பண்ண மனசு வரல, கஞ்சப் பயன்னு நெனச்சிட்டு குடிச்சேன். ஏழு வருஷமா இவ மிச்சத்தையா நான் குடிச்சிட்டு இருக்கேன்?

— அது ரொம்ப நல்லது அக்கா! ஆசீர்வாதம்!

— ஆசீர்வாதமாம்! சிரில், சிரிக்கிற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது!

— இருமல் கண்ணு!

— சோம்ஸ்ரீ, இங்க கேளு. நான் உன்னை தப்பா நெனச்சிட்டேன். நீ இரு. டிசம்பருக்கும் இரு, அடுத்த டிசம்பருக்கும் இரு. இவ போகணும். இன்னிக்கே.

— முடியாது அக்கா.

— என்ன முடியாது?

— அவங்க போனா நானும் போயிடுவேன். வீட்டுக்காரங்கள வெளிய தள்ளிட்டு அவங்க அடுப்புல நான் எப்படி சமைப்பேன்?

— வீட்டுக்காரி நான்!

— நீங்க இத்தன வருஷமா உள்ளயே வரலையே அக்கா.

— வாய மூடிட்டு மிளகா நறுக்கு.

— அக்கா, ஒண்ணு சொல்லணும். வாக்க மீறறேன். அவங்க மன்னிச்சிடுவாங்க, நீங்கதான் மன்னிக்க மாட்டீங்க.

— இன்னும் என்ன?

— அண்ணன் இன்னிக்கு பீர் கம்பெனிக்குப் போகல. கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கார். வலது கண்ணுல ரெண்டு மாசமா பொகை மாதிரி இருக்காம். டார்ட்ஸ் போர்டுல நம்பர் தெரியல, அதான் ஆட்டத்த விட்டுட்டார். காலைல இங்க நின்னு சொன்னார். ‘பயமா இருக்கு ஐரிஸ். கிளெண்டாவுக்கு தெரிஞ்சா கடைய மூடச் சொல்லிடுவா’ன்னார்.

— தோள் வலின்னுதானே என்கிட்ட சொன்னான்.

— தோள் நல்லாத்தான் இருக்கு அக்கா.

— ரெண்டு மாசம். இவளுக்கு ரெண்டு மாசமா தெரியும். பதினஞ்சு வருஷம் முன்னாடி செத்துப்போனவளுக்குத் தெரியும். மீன் சாஸ் பாட்டிலுக்குத் தெரியும். பக்கத்துல படுத்திருக்கறவளுக்குத் தெரியாது.

— அக்கா, உக்காருங்க. தண்ணி தரட்டுமா?

— அந்த ஈரத் துணிய குடு. போட்டோ மேல எண்ணெ படிஞ்சிருக்கு.

— எங்க எடுத்துட்டுப் போறீங்க? அக்கா! குப்பைலயெல்லாம் போடக் கூடாது, அக்கா!

— எவ சொன்னா குப்பைன்னு? சிரில், அந்த ஸ்டூல விட்டு எழுந்திரு.

— இது என் ஸ்டூல், கிளெண்டா. நாப்பது வருஷமா...

— எழுந்திருன்னா எழுந்திரு. இந்த காலண்டர கழட்டு. இத இங்க மாட்டு.

— ஐரிஸா? கண்ணு, எனக்கு எண்பத்தொரு வயசு. இதுல ஏறுனா எனக்கும் பக்கத்துல ஒரு போட்டோ மாட்ட வேண்டியிருக்கும்.

— தள்ளு, நானே ஏறறேன்.

— அக்கா, முழங்கால்! ஆபரேஷன் பண்ண கால்!

— நீ ஸ்டூல புடி. நல்லா புடி. கோணலா இருக்கா?

— இடது பக்கம் கொஞ்சம் எறக்கு. ம். அப்படியே பழைய மாதிரியே இருக்கு கண்ணு. ஆனா எனக்கு ஒண்ணு புரியல. நீதானே இவ மூஞ்சியே ஆகாதுன்ன?

— இப்பவும் ஆகாது. உள்ள கதவ சாத்திக்கிட்டு இவகிட்ட என்ன வேணாலும் பேசலாம். இங்க பேசுனா எனக்கும் கேக்கும்ல? இனிமே அவன் ஒரு வார்த்தை சொன்னாலும் நான் கேட்டதுக்கப்புறம்தான் இவளுக்குப் போகணும்.

— அக்கா, அந்த ஒப்பந்தம்...

— பேனா குடு. எங்க போடணும்? இங்கயா? இந்தா. தபால்ல போட்டுட்டு வா. இன்னொண்ணு. இனி இந்த அம்மாவுக்கு நான்தான் ஊத்துவேன். அவன் பம்பு பக்கமே வரக் கூடாது. கேட்டியா?

— சரி அக்கா. பழம் நான் வெக்கலாமா?

— பழம் நீ வை.

— கிளெண்டா, லென் வர்றான். தெரு முனைல திரும்பிட்டான்.

— வரட்டும். சோம்ஸ்ரீ, நீ எங்க ஓடற? நில்லு இங்கயே.

— எனக்கு குழம்பு அடி புடிச்சிடும் அக்கா!

— என்னப்பா இது, எல்லாரும் இப்படி வரிசையா நிக்கறீங்க? யாராவது செத்துட்டாங்களா? கிளெண்டா? மேல என்ன... அத யாரு மாட்டுனது?

— நான்தான். கோட்ட கழட்டு, லென்.

— கிளெண்டா, நான் சொல்லிடலாம்னுதான்...

— அவளுக்கு ஊத்தியாச்சு. உனக்கும் ஊத்தி வச்சிருக்கேன், புதுசு. உக்காரு. டாக்டர் என்ன சொன்னார்னு எங்க ரெண்டு பேருக்கும் சேத்தே சொல்லு.

— ...ஆபரேஷன் பண்ணணுமாம். ஜனவரி ஒம்பதாம் தேதி.